உயிரணுவின் முத்திரையும் இரத்தப் புற்றும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சங்கக் காரியதரிசியவர்கள் ஒரு மாதத்திற்கு முன் எம் இல்லம் போந்து, சாஸ்திர விஷயமாக ஏதேனும் பேசுதல் வேண்டுமெனக் கேட்டபொழுது, யாம் கிணற்று நீரின் உப்பைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டோம். நோட்டீசிலும் அவ்வாறே அச்சாயிற்று. இடையில் நம்மவர் குடும்பமொன்றில் நிகழ்ந்த காரியம் எம் மனத்தை வருத்தியமையால் தலைப்பை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. உப்பைக் குறித்துக் கேட்க வந்தோர் பொறுத்தருள்க.

அக்காரியம் இது. நம்மவருள் ஒருவர், ஊரும் பேரும் வேண்டா, அவருடைய சம்மதம் பெற்றே இதனைச் சொல்கின்றோம். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இரத்தப் புற்றின் வகையொன்று கண்டது. அன்று முதல் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு, கடைக்குச் சென்று, கணக்கெழுதி, பேரப்பிள்ளையைத் தோளிற் சுமந்து, நல்ல தேகஸ்திதியுடனேயே இருந்து வந்தார். சென்ற ஆவணியில் அவருடைய இளைய மகளுக்கு வரன் அமைந்து, வெற்றிலை பாக்கு மாற்றும் நாளும் குறித்தாயிற்று. அவ்வமயம் யாரோ ஒருவர் மாப்பிள்ளை வீட்டாரின் காதில் இவ்வியாதியைப் போட்டார். "இரத்தத்தில் உள்ள நோய் இரத்தத்தின் வழியேதானே இறங்கும்? நாளைக்குப் பெண்ணுக்கும் வரும், அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் வரும்" என்று சொல்லி அவர்கள் பின்வாங்கினார்கள். பெண்ணின் தகப்பனார் சண்டையிட்டாரல்லர். தம்மால் மகளுக்குக் குறை வந்ததெனக் குமைந்து, இனித் தாம் வைத்தியசாலைப் படியேறுவதை ஒருவரும் காணலாகாதெனத் தீர்மானித்து, மாத்திரையையே நிறுத்திவிட்டார். இரண்டு மாதங் கழித்தே வீட்டார் அறிந்தனர்.

யாம் மருத்துவரல்லேம். முப்பத்தோராண்டு உயர்தரப் பாடசாலையில் இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றோம். ஆயினும் இந்நோயின் வரலாறு பெரும்பகுதியும் இரசாயன வரலாறே; அதனை அறிந்தவரை சொல்லுதல் எம் கடமையெனத் துணிந்தோம். "இரத்தத்தின் வழியே இறங்கும்" என்ற அவ்வொரு வாக்கியம் மெய்தானா என்பதே இன்றைய விசாரணை. அதற்கு விடை காண ஒரு கோழியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற்குப் பண்ணைக்காரர் ஒருவரின் கோழி வந்து சேர்ந்தது. பிளிமத் ராக் என்னும் ஜாதிக் கோழி, மார்பில் பெருங்கட்டி. அங்கிருந்த பெய்ட்டன் ரௌஸ் என்பார் அக்கட்டியை அரைத்து, உயிரணுவும் பாக்டீரியாவும் நுழையமாட்டாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, வடிந்த நீரை வேறு கோழிகளுக்குக் குத்தினார். அவற்றிற்கும் கட்டி எழுந்தது. 1911இல் இதனை வெளியிட்டார். அந்நீரில் இருந்தது ஒரு வைரஸ் என்பது இன்று நாம் அறிந்தது. அக்காலத்துப் பெரியோர், கோழிக்கு வருவது வேறு, மனிதனுக்கு வருவது வேறு என ஒதுக்கிவிட்டனர். ரௌஸுக்கு நோபல் பரிசு வந்தது 1966இல்; அவருக்கு அப்பொழுது வயது 87. ஐம்பத்தைந்தாண்டு காத்திருக்க ஆயுள் இருந்ததே அவருடைய பாக்கியம் என்க.

அவ்வைரஸில் கட்டியை உண்டாக்கும் மரபணு ஒன்றே ஒன்று. அதற்கு 'சார்க்' என்று பெயரிட்டனர். 1976இல் சான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில் மைக்கேல் பிஷப், ஹரால்டு வார்மஸ் என்பாரும் அவர்தம் கூட்டத்தாரும் வியப்பானதொன்றைக் கண்டனர். அம்மரபணு வைரஸினுடையதே அன்று; நோயற்ற சாதாரணக் கோழியின் ஒவ்வோர் உயிரணுவிலும் அஃது உண்டு. பின்னர் மனிதரிடத்தும் அதுவே காணப்பட்டது. எப்பொழுதோ ஒருகால் வைரஸ் கோழியினிடமிருந்து அதனைக் கவர்ந்து சென்று, உருத்திரித்துத் திரும்பக் கொணர்ந்திருக்கிறது. ஆகவே புற்றுக்கு வித்து வெளியிலிருந்து புகுந்த பகையென்று கொள்வதற்கில்லை. நம் உடம்பை நடத்தும் நல்ல ஊழியர்களுள் ஒருவர் நிலைதவறியதே புற்று என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. இவ்விருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வூழியரின் வேலை யாது? அதனைச் சொல்லுமுன் உயிரணுவின் நிருவாகம் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். நம் ஒவ்வொருவர் தேகத்திலும் சற்றேறக்குறைய 30 இலட்சங் கோடி உயிரணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி பெருகத் தொடங்கினால் உடம்பு ஒருநாள் நிலையாது. புண் ஆறவேண்டிய இடத்திற் பெருகவும், ஆறியபின் நிற்கவும் ஒரு கட்டளை வேண்டும். கட்டளை வெளியிலிருந்து ஒரு புரதமாக வந்து உயிரணுவின் சுவரைத் தொடுகின்றது. சுவரிலே வாயிற்காவலன் போன்ற ஏற்பி நிற்கின்றது. அதன் தலை வெளியிலும் கால் உள்ளிலுமாக இருக்கும். தலையில் ஓலை வந்து சேர்ந்தவுடன் உள்ளிருக்கும் கால் அசைகின்றது. உள்ளே அடுத்தவனுக்கு, அவன் அடுத்தவனுக்கு எனச் செய்தி கைமாறி, முடிவில் மரபணுக்கள் உறையும் உட்கருவை அடைகின்றது. அங்கே "பெருகுக" என்றோ "நில்" என்றோ காரியம் நடக்கின்றது. இவ்வாறு செய்தி செல்லும் தடத்தையே செய்திப் பாதையென ஆராய்ச்சியாளர் வழங்குகின்றனர்.

செய்தி கைமாறுவது எங்ஙனம்? நம் முன்னோர் உண்டியல் எழுதி அனுப்பிய காலத்தை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெறுங் காகிதத்துக்குப் பணம் வாராது. அதிற் குறியும் கையொப்பமும் விழுந்தாலே தூரதேசத்துக் கடையில் பணம் எண்ணப்படும். உயிரணுவினுள் அக்குறி பாஸ்பேட் என்னும் சிறு இரசாயனத் துண்டு. ஒரு புரதத்தின்மேல் அதனை ஒட்டினால் அப்புரதம் விழித்து வேலை செய்யும். சில புரதங்கள் ஒட்டினால் உறங்கும். ஒட்டுவோனுக்குக் கைனேஸ் என்று பெயர். யாம் முத்திரைக்காரன் என்போம். முத்திரையை அழிப்போனும் ஒருவன் உண்டு. இவ்விருவரும் ஓயாது ஒட்டியும் அழித்தும் வருதலாலேயே உயிரணு சமயமறிந்து நடக்கின்றது. ஸியாட்டில் நகரத்தில் எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இருவர் 1950களின் நடுவில் தசைகளில் இதனைக் கண்டு, 1992இல் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, சார்க் என்பது ஒரு முத்திரைக்காரனே என்று 1978இல் ரே எரிக்ஸன் என்பாரின் கூட்டம் கண்டது. கோழியின் கட்டியில் அம்முத்திரைக்காரன் அழிப்போனுக்கு அடங்காது ஓயாமற் குத்திக்கொண்டே இருக்கின்றான். நல்லது. அவன் குத்துவது எவ்விடத்தில்? புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த மணிமாலைகள். அவ்விருபதில் பாஸ்பேட் ஒட்டத்தக்க கொளுக்கி உடையவை ஸெரின், திரியோனின், டைரோஸின் என்னும் மூன்று. முதலிரண்டின்மேல் ஒட்டுவதையே அதுவரை எல்லாரும் கண்டிருந்தனர். சார்க்கும் திரியோனின்மேற் குத்துவதாகவே எழுதினர்.

இவ்விடத்தில்தான் எம் மனத்துக்கு மிகவும் உகந்த பகுதி வருகின்றது. சிறிது விரித்துரைத்தால் சபையோர் பொறுக்க.

கலிபோர்னியாவின் கடற்கரையில் லா ஹோயா என்னுமிடத்தில் ஸால்க் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இங்கிலாந்தில் 1943இல் பிறந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்ற டோனி ஹண்டர் என்பவர் 1979இல் அங்கு ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கையில் எடுத்தது கோழி வைரஸ் அன்று. எலிகளுக்குக் கட்டி உண்டாக்கும் பாலியோமா என்னும் வேறொரு வைரஸ். அதன் புரதத்தின்மேல் பாஸ்பேட் எவ்விடத்தில் ஒட்டுகின்றது என்பதே அவர் கேள்வி. கதிர் வீசும் பாஸ்பரஸைச் சேர்த்து, புரதத்தை அமிலத்திற் கொதிக்கவைத்து மணி மணியாகச் சிதைத்து, ஒரு மெல்லிய தகட்டின்மேற் பொட்டிட்டு, கரைசலில் நனைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒவ்வொரு வகை மணியும் தன்தன் வேகத்திற் கேற்ப நகர்ந்து தனித்தனிப் புள்ளியாக நிற்கும். அக்கரைசலின் அமில அளவு பி.எச். 1.9 ஆக இருக்கவேண்டும் என்பது விதி.

அவர் புதுக் கரைசல் கலக்கவில்லை. முன்னே பலமுறை உபயோகித்த பழையதையே ஊற்றினார். பலகால் மின்சாரம் பட்டதால் அதன் அளவு 1.7க்கு இறங்கியிருந்தது. எம் பாடசாலைச் சோதனைச் சாலையில் பழங்கரைசலை ஊற்றிய மாணாக்கர் எத்தனையோ பேரை யாம் பெஞ்சியின்மேல் நிறுத்தியிருக்கிறோம் என்பதை இவ்விடத்தில் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

தகட்டைப் படமெடுத்தபொழுது, ஸெரினுக்கு ஒரு புள்ளி, திரியோனினுக்கு ஒரு புள்ளி என்ற அளவில் நில்லாது, இரண்டிலும் சேராத இடத்தில் மூன்றாவதொன்று தெரிந்தது. விதிப்படி 1.9இல் ஓடவிட்டிருந்தால் அது திரியோனினின் புள்ளியோடு ஒன்றி மறைந்திருக்கும், 1.7இல் இரண்டும் பிரிந்து நின்றன. பிழையாற் பிரிந்ததை அழுக்கென்று துடைத்துவிடாமல், இஃது என்னவாயிருக்கலாம் என அவர் நினைந்தார். கொளுக்கியுடைய மணிகள் மூன்றே, இரண்டு கணக்காயின, எஞ்சியது டைரோஸின். பாஸ்பேட் ஒட்டிய டைரோஸினைத் தாமே செய்து, அருகில் ஓடவிட்டுப் பார்த்தார். புள்ளியின்மேற் புள்ளி பொருந்திற்று.

பின்னர் அதே நிலையத்துப் பார்த்தலமியூ ஸெப்டன் என்பாருடன் கூடி, கோழியின் சார்க்கையும் இம்முறையில் ஆராய்ந்தார். அதுவும் டைரோஸின்மேலேயே குத்துகின்றது எனத் தெளிந்தது, 1980இல் வெளியிட்டனர். சாதாரண உயிரணுவில் உள்ள இத்தகைய முத்திரைகளுள் டைரோஸின்மேல் விழுபவை ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அத்துணை அரிதாதலின் அதுவரை ஒருவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. சார்க் பிடித்த உயிரணுவிலோ அது பன்மடங்காகப் பெருகுகின்றது. அதே ஆண்டில், தேகம் வளர ஏவும் புரதமொன்றைத் தாம் முன்னரே கண்டுபிடித்திருந்த ஸ்டான்லி கோஹன் என்பார், அப்புரதத்தின் ஏற்பியும் டைரோஸின் முத்திரைக்காரனே எனக் காட்டினார். வாயிற்காவலன் முதல் உள்ளிருப்போர் வரை பெருக்கக் கட்டளைக்கென்று தனி முத்திரை ஒன்று வைத்திருக்கின்றனர் என்பது இதனாற் போந்தது. மனிதரிடத்து இத்தகைய டைரோஸின் முத்திரைக்காரரை இயற்றும் மரபணுக்கள் 90; எல்லா வகை முத்திரைக்காரரையும் கூட்டினால் 518. இக்கணக்கெடுப்பு 2002இல் வெளிவந்தது. அதிலும் ஹண்டர் ஒருவர்.

நிற்க. நம் நண்பருடைய நோய்க்கு இதனாற் பயன் யாது என நீங்கள் கேட்கலாம். அந்நோயின் பெயர் நாட்பட்ட மைலாய்டு லுகீமியா. எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகும். நல்ல தேகத்தில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்திற்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டியவை இலட்சத்தையும் கடக்கும், மண்ணீரல் வீங்கும், தேகம் இளைக்கும், சில ஆண்டு சாந்தமாகக் கிடந்து, பின் திடீரென முற்றிக் கொல்லும். முற்காலத்தில் இந்நோய் கண்டோர் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தாண்டுக்குள் மாண்டனர்.

1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர் இந்நோயாளரின் வெள்ளணுக்களில் குரோமோசோம் ஒன்று குறுகியிருத்தலைக் கண்டனர். நோவெல் அணுக்களைக் குழாய்த் தண்ணீரிற் கழுவியதாலேயே குரோமோசோம்கள் விரிந்து எண்ணத்தக்கனவாய் நின்றன என்பர். இங்கும் ஒரு தற்செயல். 1973இல் சிகாகோவில் ஜானெட் ரௌலி என்னும் அம்மையார், குரோமோசோம் படங்களைத் தம் வீட்டு உணவு மேசையின்மேல் கத்தரித்துப் பரப்பி ஒப்பிட்டு, குறுகியது வெறுமனே குறுகவில்லை, 22ஆவதன் துண்டு 9ஆவதற்கும், 9ஆவதன் துண்டு 22ஆவதற்கும் இடம் மாறியிருக்கின்றது என நிலைநாட்டினார். காகிதப் பொம்மை கத்தரித்து விளையாடுகிறாள் அம்மா என அவர் மக்கள் பரிகசித்தனராம்.

1980களில் முடிச்சு அவிழ்ந்தது. 9ஆவதிலிருந்து பெயர்ந்த துண்டில் 'ஏபில்' என்னும் மரபணு இருந்தது. அதுவும் சார்க்கைப் போன்ற டைரோஸின் முத்திரைக்காரனே. தன் இடத்தில் இருக்கும்பொழுது ஏவினாற் குத்தும், ஏவாவிடில் வாளாவிருக்கும். 22ஆவதில் 'பிஸிஆர்' என்னும் மற்றொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டபின் அஃது எக்காலமும் விழித்தே இருக்கின்றது. ஓலை வாராமலே முத்திரை விழுகின்றது. கட்டளையின்றியே அணு பெருகுகின்றது. இதுதான் நோய். இவ்வொட்டு மரபணுவை எலியின் மச்சையிற் புகுத்தி அவ்வெலிக்கு அந்நோயே வரக் கண்டதும் 1990இல் நடந்தது.

இப்பொழுது மாப்பிள்ளை வீட்டாரின் கேள்விக்கு வரலாம். இத்துண்டு மாற்றம் நிகழ்வது எவ்விடத்தில்? நோயாளியின் ஆயுட்காலத்தில், அவருடைய எலும்பு மச்சையின் ஒரே ஓர் அணுவில். அவ்வணுவின் சந்ததி முழுவதும் அதனைத் தாங்கும். தோலணுவோ, குடலணுவோ, தசையணுவோ தாங்குவதில்லை. பிள்ளையை உண்டாக்கும் விந்தணுவிலும் சினையணுவிலும் அஃது இல்லை. இல்லாததைத் தகப்பன் மகளுக்குக் கொடுப்பது எப்படி? ஒரே கருவிற் பிறந்து உருவொத்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்து, மற்றவருக்கு அம்மாற்றமே இல்லாதிருந்தமையை மருத்துவர் கண்டெழுதியுள்ளனர். இரட்டையருக்கே இறங்காதது மகளுக்கு இறங்குமென அஞ்சுவதற்கு நியாயம் இல்லை. தொட்டாலும், உடனுண்டாலும் பற்றுவதுமன்று. ஹிரோஷிமாவில் அணுகுண்டின் கதிர் பட்டுப் பிழைத்தவரிடம் இந்நோய் மிகுந்தது என்பது உண்மை. மற்றப் பெரும்பாலோர்க்கு இன்ன காரணமென்று சுட்ட ஒன்றும் இல்லை. பாவத்தையும் சாபத்தையும் காரணமாகக் கூறுவோரோடு யாம் வாதிடப் போவதில்லை; குரோமோசோம் இரண்டு முறிந்து மாறி ஒட்டியதைப் படத்திற் காட்டலாம், அவ்வளவே.

ஒன்றை மறைத்தல் தகாது. புற்று எல்லாம் இவ்வாறே என்று யாம் சொல்லவில்லை. மார்பகப் புற்றிலும் சினைப்பைப் புற்றிலும் ஒரு பகுதி, குடும்ப வழியில் இறங்கும் மரபணுக் குறையால் வருவதுண்டு. அத்தகைய குடும்பங்கள் மருத்துவரைக் கலந்து முன்னதாகவே சோதித்துக்கொள்ளலாம். மணத்தைத் தடுக்க அதுவும் காரணமன்று என்பது எம் அபிப்பிராயம்.

இனி மாத்திரையின் கதை. ஓயாது குத்தும் முத்திரைக்காரனை நிறுத்தும் வழி என்ன? அவன் பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளும் குழி ஒன்று உண்டு. அக்குழியிற் சரியாகப் பொருந்தும் வேறொரு துண்டைச் செருகிவிட்டால் அவன் கை கட்டுண்டது. 518 பேரின் குழிகளும் ஒன்றையொன்று ஒத்திருத்தலின், ஒருவனை மட்டும் கட்டும் மருந்து செய்யவே முடியாதெனப் பலர் சொல்லினர். ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்தில் ஸீபா கைகி கம்பெனியில் நிக்கலஸ் லைடன் முதலியோர் அத்தகைய இரசாயனங்களைச் செய்து பார்த்தனர். அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்து மருத்துவர் பிரையன் டிரக்கர் அவற்றுள் ஒன்றை இந்நோயாளரின் அணுக்கள்மேல் இட்டார். நோயணுக்கள் மாண்டன, நல்லணுக்கள் பெரும்பாலும் பிழைத்தன. 1996இல் அது வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே அக்கம்பெனி ஸாண்டோஸுடன் கூடி நோவார்ட்டிஸ் ஆயிற்று. இந்நோயாளர் தொகை சிறிதாதலின் மருந்துக்குச் சந்தை இராதென்ற தயக்கம் கம்பெனியில் இருந்தது. டிரக்கர் விடாது வற்புறுத்தி வந்தார். 1998 ஜூனில் மனிதர்க்குக் கொடுக்கத் தொடங்கினர். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்கொண்ட 54 பேருள் 53 பேருக்கு இரத்தத்தின் எண்ணிக்கை சரியான நிலைக்குத் திரும்பிற்று. 54இல் 53! அமெரிக்க அரசாங்கம் 2001 மே மாதத்தில் அனுமதித்தது. மருந்தின் பெயர் இமாட்டினிப். முதன்முதல் இதனையே கொண்டு சிகிச்சை தொடங்கியோரைப் பின்தொடர்ந்த கணக்கு 2017இல் வந்தது. பத்தாண்டு கழிந்தபின் நூற்றுக்கு 83 பேர் உயிருடன் இருந்தனர்.

ஹண்டருக்கும் டிரக்கருக்கும், ஜான் மெண்டல்ஸன் என்பவருக்கும் சேர்த்துத் தைவான் தேசத்தின் தாங் பரிசு 2018இல் வழங்கப்பட்டது. நுரையீரற் புற்றில் ஒரு வகைக்கும், மார்பகப் புற்றில் ஒரு வகைக்கும் இதே வழியில், முத்திரைக்காரரைக் கட்டும் மருந்துகள் உள்ளன. ஆயினும் அவற்றில் வெற்றி இத்துணை நிறைவானதன்று. இந்நோயில் கெட்டவன் ஒருவன். மற்றவற்றிற் பலர் கூடிக் கெட்டிருப்பர். ஒருவனைக் கட்டினால் வேறொருவன் அவன் வேலையை மேற்கொள்வான்.

மருந்து கிடைத்தால் போதாது, வாங்கவும் முடியவேண்டும். இவ்விடத்தில் கதை பாஸலிலிருந்து நம் சென்னைக்கே வருகின்றது. மூல மருந்துக்குப் பிற தேசங்களில் காப்புரிமை கோரிய 1993இல், நம் நாட்டில் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. பின்னர் 1998இல் அக்கம்பெனி, அம்மருந்து உப்பின் பீட்டா என்னும் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரிச் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2005இல் சட்டம் திருந்தியது. மருந்துக்கும் காப்புரிமை உண்டாயிற்று. அதே சட்டத்தில் 3(டி) என்னும் பிரிவு, முன்னரே அறிந்த பொருளின் புது வடிவம் பயனில் மேம்பட்டிருந்தாலன்றி அது புதுக் கண்டுபிடிப்பாகாது என்றது. மும்பையிலுள்ள புற்றுநோயாளர் உதவிச் சங்கமும், இந்திய மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்து நிற்க, 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளிற்று. அப்பிரிவே அரசியலமைப்புக்கு விரோதமெனக் கம்பெனி சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கிட, 2007 ஆகஸ்டில் அதுவும் தள்ளுபடியாயிற்று. முடிவாக 2013 ஏப்ரல் முதல் தேதி டில்லியில் உச்சநீதிமன்றம் கம்பெனியின் மேல்முறையீட்டை நிராகரித்தது.

இவ்வழக்கின் பொருள் யாதெனில், அந்நாளில் கம்பெனி மருந்துக்கு ஒரு மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டார் செய்த அதே மருந்துக்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். இந்திய நோயாளருள் பெரும்பாலோர்க்குத் தாம் இலவசமாகவே கொடுத்ததாகக் கம்பெனி கூறிற்று. அவ்வாறு பெற்றுப் பிழைத்தோர் பலர் என்பதும் மெய். அதனை மறுத்தல் நன்றியின்மையாம். எனினும் தர்மமாகப் பெறுவதும் விலைக்கு வாங்க வல்லதாயிருப்பதும் ஒன்றாகா என்பதை வியாபாரம் அறிந்த இச்சபைக்கு யாம் விளக்க வேண்டா. நம் நண்பர் பன்னிரண்டாண்டு விழுங்கிய மாத்திரை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மாத்திரையை நிறுத்தலாமோ என்பது கடைசிக் கேள்வி. மருந்து முத்திரைக்காரனின் கையைக் கட்டுகின்றதே தவிர அவனைப் பிறப்பிக்கும் மரபணுவை அழிப்பதில்லை. மச்சையின் ஆழத்தில் அத்தகைய அணுக்கள் சில உறங்கிக் கிடக்கலாம். கட்டு அவிழ்ந்தால் அவை எழும். பல ஆண்டு உட்கொண்டு, மிக நுண்ணிய சோதனையிலும் நோயின் சுவடு தெரியாத நிலையை எய்தியோர் சிலருக்கு, மருத்துவரே பார்த்து நிறுத்திவைப்பதும் உண்டு. அவர்களுள்ளும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகின்றது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திற்குள். அங்ஙனம் திரும்பியவர்க்கு மருந்தை மறுபடி கொடுத்தால் அனேகமாக அடங்கும். அதனாலேயே நிறுத்திய முதல் ஆண்டில் அடிக்கடி இரத்தம் சோதிக்கின்றனர். ஒருவரும் அறியாமல் வீட்டில் தாமே நிறுத்துவது அதுவன்று. ஒருநாள் உண்டு ஒருநாள் விடுவதும் தீதே. நோய் அரைகுறையாக அடங்கிக் கிடக்கும் உடம்பிலே முத்திரைக்காரன் தன் குழியின் வடிவத்தை மாற்றிக்கொண்டு மருந்துக்குப் பொருந்தாமற் போகவும் இடமுண்டு. 2001இலேயே இத்தகைய மாற்றங்களைக் கண்டுவிட்டனர். அதற்கென அடுத்த மருந்துகளும் வந்தன. 2006இல் வந்த டஸாட்டினிப் என்பது ஏபிலோடு சார்க்கையும் கட்டுவது. ரௌஸின் கோழிக்கு அன்று எழுந்த கட்டியின் முத்திரைக்காரனே அவன்.

நம் நண்பர் இரண்டு மாத இடைவெளிக்குப் பின் வைத்தியசாலைக்கு மீண்டும் சென்றார். யாமும் உடன் சென்றோம். சோதனையில் சுவடு மேலேறியிருந்தது. வெள்ளணுத் தொகை இன்னும் அளவு கடக்கவில்லை. மருத்துவ அம்மையார் கடிந்துகொள்ளாமல் அதே மாத்திரையை அதே அளவில் எழுதிக் கொடுத்தார். இராப்போஜனத்தோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன். மூன்று மாதங் கழித்து எடுத்த சோதனையில் இறங்கத் தொடங்கியிருக்கின்றது. அடுத்த சோதனை பங்குனியில்.

பெண்ணின் காரியம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரு வீட்டாரும் நம் சங்கத்தவரே. இச்சொற்பொழிவை அச்சிட்டால் இரு வீட்டிலும் படிக்கட்டும் எனப் பத்திராதிபரிடம் கேட்டிருக்கின்றோம். வினாக்களுக்கு இன்னும் சிறிது நேரம் உண்டென அக்கிராசனர் குறிப்புக் காட்டுகின்றார். தாய்மார்கள் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கின்றது. அதனை முதலில் எடுத்துக்கொள்வோம். கிணற்று நீரின் உப்பு அடுத்த மாதத்திற்கு இருக்கட்டும்.